எடைக்கல்

சிமெண்ட் வியாபாரியின் பழைய காரில், ஓட்டுநர் இருக்கையில், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்தபடி எடைக்கல் உட்கார்ந்திருந்தார். கார் எங்கும் போகவில்லை. கார் சாவி பட்டறை முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது. காலையில் ஏறி உட்கார்ந்தவர், வெயில் தகரக் கூரையைத் தாண்டி பானெட் மேல் வந்து விழுந்த பிறகும் இறங்கவில்லை. மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளவில்லை. சொறிந்தால் கை ஸ்டீயரிங்கை விட்டு எழும். கை எழுந்தால் தராசு ஆடும். தராசு ஆடினால் முதலாளி ஆடுவார்.

காரின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தராசுத் தட்டுகள் கிடந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட ஒயர்கள் மேசை மேலிருந்த ஒரு பெட்டியில் போய் முடிந்தன. பெட்டியில் நான்கு எண்கள் மின்னிக்கொண்டிருந்தன. முன் சக்கரத்தின் பக்கத்தில் மல்லாந்து படுத்து, டயர்க்காரி ஸ்பிரிங்கின் அடிவளையத்தை ஸ்பேனர் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். டயர் கழற்றி மாட்டுவதுதான் அவள் வேலை. ஆள் பற்றாத பட்டறை என்பதால் மற்ற எல்லாமும் அவள் வேலை.

"அண்ணே, மூச்சு விடறீங்களா?"

"விடலன்னா செத்துருவேன்மா."

"விடுங்க, வேணாங்கல. கொஞ்சம் பதமா விடுங்க. இங்க நம்பர் துள்ளுது."

பழைய கார்கள் குடும்பத்தோடு கல்யாணம், ஆஸ்பத்திரி என்று போய்வரப் பிறந்தவை. நேர் ரோட்டில் மெத்தைபோல் மிதக்கும். வளைவில் குடிகாரன்போல் ஒரு பக்கமாகச் சாயும். கையில் காசு புரளும் சிலருக்கு அந்தக் கார்களின் அழகு வேண்டும், சாய்வு வேண்டாம். அவர்கள் இந்தப் பட்டறைக்கு வருவார்கள். உயரமான ஸ்பிரிங்கைக் கழற்றிக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டி, புது ஷாக் அப்சார்பர் போட்டு, அகலமான டயர் ஏற்றிக் கொடுத்தால் வண்டி தரையை நக்கிக்கொண்டு ஓடும். கடைசி வேலைதான் பொறுமையானது. நான்கு டயர்களும் தரையை எவ்வளவு அழுத்துகின்றன என்று பார்த்து, ஒவ்வொரு மூலையாகத் துளி ஏற்றி, துளி இறக்கிச் சரிக்கட்ட வேண்டும். ஓட்டுபவர் உள்ளே இருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும். ஆனால் கார் வைத்திருப்பவர்கள் அரை நாள் அசையாமல் உட்கார மாட்டார்கள். அவர்கள் எடையில் வேறு ஓர் ஆள் உட்கார வேண்டும்.

எடைக்கல் வேலைக்குச் சேர்ந்தது ஸ்பிரிங் மாட்டத்தான். ஒருநாள் டயரை உருட்டிக்கொண்டு போகும்போது தராசு மேல் தவறிக் கால் வைத்தார். நூற்றுப்பத்து கிலோ. சிமெண்ட் வியாபாரியும் நூற்றுப்பத்து. முதலாளி அவரைக் கட்டிப்பிடித்தார். கைகள் முதுகில் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் வைத்த பெயர் வீட்டோடு நின்றுவிட்டது. பெரிய வியாபாரிகள் பலருக்கும் ஏறக்குறைய அதே எடை என்பதால், பட்டறைக்கு வரும் கனவான்களுக்கெல்லாம் அவரே உடம்பானார். "உங்க எடைக்கு ஒரு ஆளே வெச்சிருக்கேன் சார்" என்று முதலாளி போனில் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எடைக்கல் ஏறினால் கார் ஒரு பெருமூச்சு விடும், இறங்கினால் இன்னொரு பெருமூச்சு விடும் என்பாள் டயர்க்காரி. அதில் பாதி உண்மை.

அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போன சிமெண்ட் வியாபாரி மறுநாளே திரும்பி வந்தார். கார் வந்த வேகத்தில் பட்டறை நாய் தன் இடத்தை மாற்றிக்கொண்டது.

"என்னய்யா வேல பாத்திருக்க? பிரேக்க மிதிச்சா வலது பக்கம் இழுக்குது. மலை ரோட்டுல நேத்து சுவத்துக்கு முத்தம் குடுக்கப் பாத்துச்சு. பழைய கார் போட்டிக்கு இதையா எடுத்துக்கிட்டுப் போறது?"

முதலாளி காரைத் தராசு மேல் ஏற்றச் சொன்னார். எடைக்கல்லை உட்காரவைத்துப் பார்த்தார்கள். எண்கள் நேற்றுபோலவே சரியாக இருந்தன. ஆகவே ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டார்கள், புதுசாக மாற்றினார்கள். ஷாக்கைச் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினார்கள். டயர்களை இடம் மாற்றி, காற்றை இறக்கி மறுபடி அடித்தார்கள். தராசைச் சந்தேகப்பட்டு மளிகைக்கடையிலிருந்து படிக்கல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தார்கள். தராசு யோக்கியமாக இருந்தது. கடைசியில் தரையைச் சந்தேகப்பட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு மூலையில் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்டை வியாபாரியிடமே காசு கொடுத்து வாங்கினார்கள். கார் ஒவ்வொரு முறையும் போய், ஒவ்வொரு முறையும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது.

இதற்கிடையில் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரின் பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக மூன்று ஓட்டைகள் போடப்பட்டிருந்தன. அவர் பட்டறைக் குழாயில் வாயை வைத்தால் எடுப்பதில்லை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு போகும்போது நடுவழியில் நின்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். இதையெல்லாம் எல்லோரும் பார்த்தார்கள். கார்தான் கவனித்தது.

டயர்க்காரிதான் முதலில் சொன்னாள்.

"அண்ணே, இப்பல்லாம் நீங்க எறங்கினா வண்டி மூச்சே விட மாட்டேங்குதே."

அவள் சொன்னதைக் கேட்ட முதலாளி எடைக்கல்லை ஒற்றைத் தட்டில் ஏறி நிற்கச் சொன்னார். பெட்டி தொண்ணூற்று மூன்று என்றது. முதலாளி பெட்டியைத் தட்டினார். மறுபடியும் தொண்ணூற்று மூன்று.

"மிச்சம் எங்கய்யா?"

எடைக்கல் குனிந்து தரையைப் பார்த்தார், கைதவறி அங்கே விழுந்திருக்கலாம் என்பதுபோல.

"பதினேழு கிலோய்யா! ஒரு டயரு வீலோட காணாமப் போயிருக்கு. அதான் அவரு ஏறினா வலது பக்கம் இழுக்குது. அதுகூடத் தெரியாம என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த?"

"வேலதான் மொதலாளி."

"இத்தன நாளா எத்தன வண்டிய இந்த ஒடம்ப நம்பி அனுப்பியிருக்கேன்! நாளைக்கு ஒவ்வொருத்தனா வந்து என் சட்டையப் பிடிப்பான்."

"மடியில பழைய ஸ்பிரிங்கு ரெண்டு மூணு வெச்சுக்கிட்டா சரியாப் போச்சு" என்றாள் டயர்க்காரி.

"ஆள வெச்சுப் பண்றோம்னு சொல்லித்தான் நான் கட நடத்துறேன். இரும்ப வெச்சுப் பண்ண ஊருல நூறு பட்டறை இருக்கு. மடியில இருக்கற எட வேற, ஒடம்புல இருக்கற எட வேற. ஒனக்குத் தெரியாது, நீ டயரப் பாரு." முதலாளி எடைக்கல் பக்கம் திரும்பினார். "போட்டிக்கு முன்னால பழைய எடைக்கு வா. இல்லன்னா வராத."

வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினில் குனிந்திருந்தாள். பட்டறையிலிருந்து வரும் கார்களுக்கு சீட் கவர் தைப்பது அவள்தான். ரெக்சினும் கான்வாஸும் போய்வருவது முதலாளியின் தயவில். நடந்ததைக் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்தினால் தெருவுக்கே காது அடைக்கும்.

"பேன்ட்டப் பிடிச்சுத் தைக்கும்போதே நெனச்சேன். வேல செஞ்சு எளைக்கிறீங்கன்னு நெனச்சேன், மடச்சி. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கு எறும்பு மொய்க்காமல் இருப்பதே ஆச்சரியம் என்றார். ஊசி போட வேண்டும், இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது, சாப்பாடு பாதிதான்.

மறுநாள் எடைக்கல் அதை முதலாளியிடம் சொன்னார். முதலாளி தன் ஏசி அறை மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேலே வைத்தார். ஒரு கிலோ இனிப்பு, நெய் வழிய.

"நான் ஒனக்காக வாங்கிட்டு வந்திருக்கேன்யா. சாப்பிடு."

"டாக்டரம்மா வேணாங்கறாங்க மொதலாளி."

"டாக்டரம்மாவா ஒனக்குச் சம்பளம் குடுக்குது? எட ஏறணும்னா உள்ள ஏதாவது போகணுமா வேணாமா? சாப்பிடு, நான் பாக்கறேன்."

முதலாளி பார்த்தார். எடைக்கல் சாப்பிட்டார். அது தினமும் நடந்தது. பெட்டி காலியானால் அடுத்த பெட்டி வந்தது. பெட்டியின் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. இவ்வளவு இனிப்பும் உள்ளே போய், எடை மட்டும் இன்னும் இறங்கியது. வீட்டில் ஊசி, பட்டறையில் இனிப்பு. ஒரே உடம்புக்குள் டாக்டரம்மாவும் முதலாளியும் சண்டை போட்டுக்கொண்டார்கள், முதலாளி ஜெயித்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் ஒட்டியிருந்த நெய்ப் பிசுக்கை மனைவி கண்டுபிடித்தாள்.

"அந்தாளு ஊட்டுறான், நீங்க வாயத் தொறக்கறீங்க, அப்படித்தானே? நீங்க மனுஷனா, வளக்குற கெடாவா?"

"தொறக்கலன்னா வேல போயிடும்."

"தொறந்தா நீங்களே போயிடுவீங்க!"

"என் வேல போனா உன் மெஷினும் நின்னுரும்மா. ஊசி மருந்த எத வெச்சு வாங்குவ?"

அவள் கத்தரிக்கோலை எடுத்து, கையில் கிடைத்த ரெக்சின் துண்டை வெட்டினாள். என்ன தைக்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வெட்ட வேண்டும்போல் இருந்தது. பாதி வெட்டியதும் கை நின்றது.

"அவனுக்கு வேண்டியது எடைதானே?"

சக்கரம் ஆடாமல் ஓட, அதன் விளிம்பில் சின்னச் சின்ன ஈயத் துண்டுகளை மாட்டுவார்கள். டயரைக் கழற்றும்போது பழைய ஈயத்தைப் பிடுங்கித் தகர டின்னில் எறிவாள் டயர்க்காரி. டின் நிறைந்து வழிந்து, காயலாங்கடைக்காரன் வரும்வரை மூலையில் கிடக்கும். அந்த ஈயம் இப்போது அவளுடைய சாப்பாட்டுத் தூக்கில், காலி அடுக்குகளில் அடைந்துகொண்டு எடைக்கல் வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

"அண்ணி, இந்தத் தூக்க ஒரு கையால தூக்க முடியல. வாட்ச்மேன் பாத்துட்டு, 'அப்படி என்னம்மா சமைக்கிற'ங்கறான்."

"என்ன சொன்ன?"

"மாமியார் சமையல்னேன். வேற எதுவும் கேக்கல."

மனைவி ரெக்சினில் ஒரு பட்டை தைத்தாள். இடுப்பைச் சுற்றி வரிசையாகச் சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் ஈயம். தொடைக்கு இரண்டு பட்டைகள். அதற்கு மேல் பனியன், அதற்கு மேல் சட்டை. கட்டி முடித்ததும் எடைக்கல் எழுந்து நின்றார். இரண்டாவது முயற்சியில்தான் எழ முடிந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி இருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் காலை, தராசுப் பெட்டி நூற்றுப்பத்து என்றது. முதலாளி சிமெண்ட் வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க சார்! ஸ்வீட்டாக் குடுத்து ஏத்தியிருக்கேன். கைக்காசு."

எடைக்கல் காரில் ஏறினார். கார் பழையபடி பெருமூச்சு விட்டது. டயர்க்காரி கீழே படுத்து, சிரிப்பு வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனரைத் திருகினாள். எண்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டு வந்தன. இடுப்பு எலும்பில் ஈயம் இறங்கியது. அதைத் தாங்கலாம். தாங்க முடியாதது வேறு. காலையில் சாப்பிடவைத்த இனிப்பு தாகமாகி, தாகம் தண்ணீராகி, தண்ணீர் இப்போது வெளியே போக வழி கேட்டது.

"மொதலாளி, ஒரு நிமிஷம். போயிட்டு வந்துடறேன்."

"எங்க?"

எடைக்கல் சுண்டுவிரலைக் காட்டினார்.

"நல்ல ஆளுய்யா நீ! போயிட்டு வந்தா எட கொறையும். அடக்கு."

அடக்கினார். பின் சக்கரத்துக்குப் போனார்கள். அங்கே ஏற்றியது முன் சக்கரத்தை மாற்றியது. மறுபடி முன்னால் வந்தார்கள். சிமெண்ட் வியாபாரி நாற்காலியில் சாய்ந்து இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சும் சத்தம் காருக்குள் தெளிவாகக் கேட்டது. எடைக்கல்லின் காது மடலிலிருந்து வியர்வை சொட்டியது.

"மொதலாளி, முடியல. சர்க்கர ஒடம்பு. அடக்க முடியாது மொதலாளி."

"இன்னும் ரெண்டே போல்ட்டுய்யா. அசைஞ்சின்னா காலையிலேர்ந்து பண்ண வேல பாழ்."

"விடுங்க மொதலாளி, எறங்கட்டும்" என்றாள் டயர்க்காரி.

"ஒன்ன யாரு கேட்டா?"

எடைக்கல் கதவைத் திறந்தார். மேசை மேல் நான்கு எண்களும் ஒரேயடியாகக் குதித்தன. அவர் தொடையைச் சேர்த்துக்கொண்டு, நூற்றுப்பத்து கிலோவையும் தூக்கிக்கொண்டு, கழிவறைக்குப் பக்கத்துச் சுவர்வரை ஓடினார். கதவுவரை போக நேரமில்லை. ஓட்டத்தில் தையல் விட்டது. பேன்ட் காலுக்குள்ளிருந்து ஒரு துண்டு ஈயம் விழுந்தது. இன்னொன்று. அப்புறம் கோழி நடந்துகொண்டே முட்டை போடுவதுபோல, காரிலிருந்து சுவர்வரை ஒரு வரிசை.

முதலாளி குனிந்து ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார்.

"திருட்டுப் பயலே! என் கட ஈயத்த எனக்கே நிறுத்துக் காட்டுறியா?"

எடைக்கல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். உடனே திரும்ப முடியாத நிலை.

"ஒனக்கு ஸ்வீட்டு வாங்கிக் குடுத்தேனேடா! பொட்டி பொட்டியா!"

"அதான் மொதலாளி இப்பப் போவுது" என்றார் எடைக்கல், தலையை மட்டும் திருப்பி. "நீங்க திங்க வெச்சதுதான். நல்லாப் பாத்துக்குங்க. இதுக்கும் சம்பளத்துல பிடிப்பீங்களா?"

டயர்க்காரி எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறக்கும் முன் எடைக்கல் அவளைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். அவள் கையிலிருந்த ஸ்பேனரை ஈய டின்னில் எறிந்தாள். டின் கவிழ்ந்து உருண்டு சிமெண்ட் வியாபாரியின் காலடியில் போய் நின்றது. அவர் ஷூவைத் தூக்கிக்கொண்டார்.

"என் வண்டி நாளைக்கு ரெடியாகுமா, ஆகாதா? அதச் சொல்லு" என்றார்.

எடைக்கல்லை வேலையிலிருந்து துரத்தி இரண்டு நாள் கழித்து, டயர்க்காரி ஒரு கான்வாஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள்.

"என்னடி, உள்ள வா" என்றாள் மனைவி.

"வரமாட்டேன் அண்ணி. இதக் கேட்டா செருப்பால அடிப்பீங்க."

"சொல்லு."

"ஒரு மூட்ட தைக்கணுமாம். மணல் ரொப்பறதுக்கு. உக்காந்தா ஆளு உக்காந்த மாதிரி இருக்கணுமாம். தொட, இடுப்பு, முதுகு எல்லாம் வெச்சு, ரெட்டத் தையல். நூத்திப்பத்துக்கு. மடியில ஸ்பிரிங்க வெக்கலாம்னு சொன்னதுக்கு என்ன டயரப் பாருன்னாரே, அந்தாளுதான். இன்னிக்கு வரைக்கும் சாக்குல கட்டி வெச்சு ஓட்டுறாரு, அது சரியுதாம்."

மனைவி கான்வாஸைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல கனமான துணி.

"தைக்கலன்னா?"

"வேற ஆளுகிட்டக் குடுப்பாரு. சீட் கவரையும் சேத்து."

உள்ளே எடைக்கல் சட்டையைத் தூக்கிப் பிடித்து வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மருந்துக் குப்பியில் அடி தெரிந்தது.

அவள் கான்வாஸை வாங்கித் தரையில் வீசினாள். காலால் எத்தினாள். முதலாளியின் மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லாமல் திட்டினாள்; எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மூச்சு வாங்கியதும் உட்கார்ந்து சுருளைப் பிரித்தாள்.

"அளவு?" என்றாள்.

எடைக்கல் துணிப் பெட்டியைத் திறந்து, பிடித்துத் தைக்காத ஒரு பழைய பேன்ட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கான்வாஸ் மேல் விரித்துச் சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டாள். வெட்டினாள். கனமான துணி மெஷினில் தானாக நகரவில்லை. எடைக்கல் மறுபக்கம் உட்கார்ந்து, அவள் மிதிக்க மிதிக்க, இரண்டு கையாலும் இழுத்துக் கொடுத்தார்.

"பிடிங்க நல்லா."

"பிடிச்சிருக்கேன்."

"தொட இவ்வளவு பெரிசாவா இருந்துச்சு உங்களுக்கு?"

"இருந்துச்சே."

மூட்டை போன பிறகு, நிலுவைச் சம்பளத்துக்காக எடைக்கல் பட்டறைக்குப் போனார். முதலாளி வேலையாக இருக்கிறார் என்று வாட்ச்மேன் கம்பிக் கதவுக்கு வெளியே நிறுத்தினான். அங்கே நிழல் இல்லை. உட்கார ஒன்றும் இல்லை.

முதலாளியின் ஏசி அறைக் கதவு திறந்தது. மணல் ஈரம் குடித்தால் கனத்துவிடும் என்பதால் மூட்டையை அங்கேதான் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். இவ்வளவு காலத்தில் அந்த அறைக்குள் எடைக்கல் மேசைவரைதான் போயிருக்கிறார், அதுவும் இனிப்புச் சாப்பிட. கூலிக்குப் பிடித்து வந்த நாலு பேர் மூட்டையை இடுப்பிலும் முதுகிலும் கைகொடுத்துத் தூக்கி வந்தார்கள். முதலாளி பின்னாலேயே வந்தார்.

"மெதுவா, மெதுவா. இடிச்சிராதீங்கய்யா."

முதலில் ஒற்றைத் தட்டில் வைத்தார்கள். முதலாளி பெட்டியைப் பார்த்தார். முகம் மாறியது.

"கொறையுதே! நேத்து சரியா இருந்துச்சே. எங்கயாவது தையல் விட்டிருக்கா பாருங்க. யாரு இத கவனிக்கிறது? காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ எட போடணும்னு சொன்னேனா இல்லையா?"

இரண்டு பேர் மூட்டையைச் சுற்றி வந்து, தையல் தையலாகத் தடவிப் பார்த்தார்கள். டயர்க்காரி கழுத்து முடிச்சை அவிழ்த்தாள். வாளியிலிருந்து ஒரு கை மணல் அள்ளிப் போட்டாள். முதலாளி எண்ணைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் போட்டாள். "போதும், போதும்."

மூட்டையை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்கள். அதன் தோளில் ஒட்டியிருந்த மணலை முதலாளி தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். கம்பிக் கதவுக்கு வெளியே எடைக்கல், நழுவிய பேன்ட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.